தனுஷ்கோடி முதல் தலைமன்னார் வரை: சத்தமில்லாத சவாரி

"அறுபது வயதுக்கு மேல் காசிக்குப் போனால் நியாயம். காரை ஓட்டிக்கொண்டு கடல் தாண்டுவதாவது!"

இப்படிச் சொல்லும் நாத்தனார் இல்லாத குடும்பம் தமிழ்நாட்டில் உண்டா? போதாததற்கு, அந்தக் கார் பெட்ரோல் குடிக்காத கார், கரண்டில் ஓடும் கார் என்று தெரிந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். "நடுக் காட்டில் நின்றுவிட்டால் பிளக்கை எந்தப் பனை மரத்தில் சொருகுவாய்?" என்று அடுத்த கேள்வி வந்துவிடும்.

கேள்வியில் அர்த்தமில்லாமல் இல்லை. அதற்குப் பின்னால் பதில் சொல்கிறேன். முதலில் வயது விஷயத்தைத் தீர்த்துவிடலாம்.

எர்ணாகுளத்தில் 'ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ்' என்று ஒரு சின்னஞ்சிறு டீக்கடை. நடத்தியவர்கள் விஜயன், மோகனா என்ற தம்பதி. தினம் முன்னூறு ரூபாய் எடுத்து வைப்பார்கள். போதாததற்குக் கடன் வாங்குவார்கள். தேசாந்தரம் போய்விட்டு வந்து, மறுபடி டீ ஆற்றிக் கடனை அடைப்பார்கள். அடைத்ததும் அடுத்த தேசம்! 2007-ல் தொடங்கி இருபத்தைந்து நாடுகளுக்கு மேல் பார்த்துவிட்டார்கள். 2021 அக்டோபரில் ருஷ்யாவுக்குப் போய்வந்தார்கள். அடுத்த மாதமே விஜயன் காலமானார். எழுபது வயதைக் கடந்த மனிதர், கடைசி வரை பெட்டி கட்டுவதை நிறுத்தவில்லை.

கார் விஷயத்துக்கு வேறொரு தம்பதி இருக்கிறார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள், கிறிஸ் ராம்ஸியும் அவர் மனைவி ஜூலியும். இவர்களை வயதானவர்கள் என்று சொல்ல முடியாது, நடுத்தர வயது. 2023 மார்ச்சில் வட துருவப் பக்கத்துப் பனிக்கட்டியிலிருந்து ஒரு மின்சாரக் காரில் புறப்பட்டு, பதினாலு தேசங்களைக் கடந்து, அந்த வருஷம் டிசம்பரில் தென் துருவத்தைத் தொட்டார்கள். டயர் மட்டும் யானைக் கால் போலப் பெரியது. பாட்டரியும் மோட்டாரும் கடையில் விற்கும் அதே கார்தான். துருவத்தில் பனை மரம்கூடக் கிடையாது என்பதை நாத்தனாருக்கு நினைவூட்டலாம்.

மின்சாரக் கார் ஒன்றும் நேற்றுப் பிறந்ததல்ல, அதிலும் பெண்களுக்குப் பழைய சொந்தம். பெட்ரோல் கார்களை உலகத்துக்கெல்லாம் செய்து தள்ளினாரே ஹென்றி ஃபோர்டு, அவர் மனைவி கிளாரா அம்மாள் ஓட்டியது எந்தக் கார் தெரியுமா? 1914-ம் வருஷத்து 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்'! அந்த நாளில் பெட்ரோல் காரைக் கிளப்ப முன்னால் போய் இரும்புக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். கை முறிந்தவர்கள் உண்டு. புகை, நாற்றம், சத்தம் வேறு. கிளாரா அம்மாள் சாவதானமாக ஏறி உட்கார்ந்து, நெம்புகோலைத் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். கணவரின் வியாபாரத்துக்கு இதைவிடப் பெரிய விமரிசனம் வேறு என்ன வேண்டும்!

நமக்குத் துருவமும் வேண்டாம், டெட்ராய்ட்டும் வேண்டாம். கிட்டத்திலேயே ஒரு வெளிதேசம் இருக்கிறது. ராமநாதபுரம் சீமையின் கடைக்கோடியில் நின்றால் கடலுக்கு அந்தண்டை, முப்பது கிலோமீட்டருக்குள், இலங்கையின் தலைமன்னார். கையில் இருக்கும் டெலிபோன் சில சமயம் அந்தக் கரையின் அலையைப் பிடித்துக்கொண்டு, வெளிநாடு வந்துவிட்டதாக நம்மிடமே சேதி சொல்லும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கரை ஒரு காலத்தில் ரயில் டிக்கெட் வாங்கிப் போகிற ஊராக இருந்தது.

இன்று எழுபதைத் தாண்டிய எத்தனையோ பேர் சிறு பிராயத்தில் 'போட் மெயி'லில் போயிருப்பார்கள். சென்னை எழும்பூரில் ஏறினால், தனுஷ்கோடித் துறையில் ரயில் கப்பலுக்குப் பக்கத்திலேயே போய் நிற்கும். கடலைத் தாண்டினால் தலைமன்னாரில் மறுபடி ரயில் காத்திருக்கும். கொழும்புக்கு ஒரே டிக்கெட். 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்த வருஷமே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. வியாபாரிகளும், பட்டணத்து நாடகக் கம்பெனிகளும், யாழ்ப்பாணத்துப் பெண் கொடுத்த சம்பந்திகளும் போய்வந்த வழி இது. தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஏழை ஜனங்கள் மண்டபம் முகாமில் வைத்தியப் பரிசோதனைக்கு நிறுத்தப்பட்டுக் கப்பலேறிய வழியும் இதுவே. 1964 அக்டோபரில் சாஸ்திரி, சிறிமாவோ ஒப்பந்தம் ஆன பிறகு அவர்களுடைய பிள்ளைகளும் பேரன்களும் திரும்பி வந்து இறங்கியதும் இந்தக் கரையில்தான்.

அந்த ஒப்பந்தத்துக்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22-ம் தேதி இரவு புயல் வந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த பாசஞ்சர் ரயிலை அப்படியே அலை விழுங்கிவிட்டது. நூறு பேருக்கு மேல் அதில் இருந்தார்கள், ஒருவரும் மிஞ்சவில்லை. அன்று பகலில் தனுஷ்கோடியைப் பார்த்துவிட்டு ராமேஸ்வரத்துக்குத் திரும்பியிருந்த ஜெமினி கணேசனும் சாவித்திரியும் தப்பினார்கள் என்ற செய்தியை அந்தக் காலத்துப் பெண்கள் வாய் ஓயாமல் பேசினார்கள். சிதைந்த பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்சினீயர் நாற்பத்தாறே நாளில் நிமிர்த்திவிட்டார். தனுஷ்கோடி மட்டும் நிமிரவில்லை. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து 'ராமானுஜம்' கப்பல் ஓடியது. இலங்கையில் கலவரம் மூண்டபின் 1980-களின் நடுவில் அதுவும் நின்றது.

அப்போதெல்லாம் பாம்பனைக் காரில் கடக்கும் பேச்சே கிடையாது. தீவுக்கு ரோடு பாலம் வந்ததே 1988 அக்டோபரில்தான். தனுஷ்கோடிக்கும் அதற்கு அப்பால் அரிச்சல்முனைக்கும் தார் ரோடு வந்தது 2017-ல். அதாவது, கார் போக வழி பிறந்தபோது கப்பல் இல்லை; கப்பல் இருந்தபோது காருக்கு வழியில்லை. ராமர் பாலம் கட்டிய ஊருக்கு இப்படி ஒரு ஜாதகம்!

ஆகவே, இப்போது ஒரு தம்பதி காரில் இந்தப் பயணத்தைச் செய்ய வேண்டுமென்றால் கொஞ்சம் சுற்றித்தான் ஆக வேண்டும். அரிச்சல்முனைவரை சொந்தக் காரில் போவது, அங்கிருந்து திரும்பிக் கடற்கரை ரோட்டோடு நாகப்பட்டினம் போவது, அங்கே காரை விட்டுக் கப்பலேறுவது, காங்கேசன்துறையில் இறங்கி அங்கே ஒரு மின்சாரக் காரை வாடகைக்கு எடுத்து யாழ்ப்பாணம், மன்னார் வழியாகத் தலைமன்னார் போய்ச் சேருவது. அரிச்சல்முனையில் பார்த்த கடலையே எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பதற்கு ஐந்நூறு கிலோமீட்டர் போல அலைய வேண்டும். அலைந்தால்தான் என்ன? இரண்டு பேரும் ரிடையர் ஆனவர்கள்தானே!

இனி நாத்தனாரின் பனை மரக் கேள்வி.

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் நூற்றெழுபது கிலோமீட்டர் சுமார். அங்கிருந்து அரிச்சல்முனை இருபது. சிறிய மின்சாரக் கார் ஒரு யூனிட் கரண்டுக்கு ஆறேழு கிலோமீட்டர் ஓடும். ஆகவே போக மட்டும் முப்பது யூனிட்டுக்குள் அடங்கும். கம்பெனிக்காரர் சொல்லும் தூரத்தில் கால் பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்தை நம்புங்கள். ஏர்கண்டிஷனும் எதிர்க்காற்றும் அந்தக் கால் பங்கைச் சாப்பிட்டுவிடும். பாம்பன் பாலத்தில் அடிக்கும் காற்று எப்படிப்பட்டது என்று சேலை கட்டிக்கொண்டு அங்கே இறங்கிப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலை நாட்டில் இறக்கத்தில் இறங்கும்போது மோட்டாரே டைனமோவாக மாறிக் கொஞ்சம் கரண்டைத் திருப்பிக் கொடுக்கும். ராமநாதபுரம் ரோடு தோசைக்கல் மாதிரிச் சமதளம். அந்த லாபம் இங்கே சொற்பம்.

வழியில் வேகமாகச் சார்ஜ் ஏற்றும் இடத்தில் ஒரு மணி நேரத்துக்குள் எண்பது பங்கு ஏறிவிடும். மிச்ச இருபது பங்குக்கு வெகு நேரம் பிடிக்கும். அரிசி டின்னில் கொட்டும்போது முக்கால் வரை மடமடவென்று இறங்குகிறதல்லவா? கடைசிக் கால் பங்குக்குத் தட்டித் தட்டிக் கொட்ட வேண்டியிருக்கிறது. பாட்டரியும் அப்படித்தான். ஆகையால் எண்பதில் நிறுத்திவிட்டுக் கிளம்புவதே புத்திசாலித்தனம். இராத் தங்கும் விடுதியில் ஏர்கண்டிஷனுக்குப் போடுகிற பெரிய பிளக் இருந்தால், படுக்கப் போகுமுன் சொருகிவிட்டால் விடிகிறபோது பாட்டரி ஏறக்குறைய நிறைந்திருக்கும். கேட்காமல் சொருகாதீர்கள், மானேஜரிடம் சொல்லிக் காசு கொடுத்துவிடுங்கள்.

நூறு கிலோமீட்டருக்கு ஒரு தரம் நிற்க வேண்டியிருக்கிறதே என்று வாலிபர்கள் சலித்துக்கொள்வதுண்டு. முழங்கால் பிடித்துக்கொள்ளும் வயதில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது என்பேன். கார் சாப்பிடும் நேரத்தில் நாம் காலை நீட்டி நடக்கலாம், மாத்திரை போட்டுக்கொள்ளலாம், புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கலாம். "இன்னும் கொஞ்சம் தூரம் போய் நிறுத்தலாமே" என்று பிடிவாதம் பிடிக்கிற வீட்டுக்காரரைக்கூட இந்தக் கார் நிறுத்த வைத்துவிடுகிறது. நாற்பது வருஷம் மனைவி சொல்லிக் கேட்காதவர், டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு சொன்னால் கேட்கிறார்!

இன்னொரு வேடிக்கை. 'தண்ணியில்லாக் காடு' என்று சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் மாற்றலுக்குப் பயந்த ஜில்லா இது. மழை பொய்த்துக் கருவேலம் மண்டிய கமுதிப் பக்கத்தில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஒன்று எழுந்தது. அப்போது ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே பெரியது என்று பெயர் வாங்கியது. ஏக்கர் கணக்கில் கண்ணாடித் தகடுகள். தூசி துடைக்க இயந்திரங்கள். இந்தச் சீமையின் வெயிலைத் திட்டிக்கொண்டே போகிற காரில், அதே வெயிலின் கரண்டும் கலந்திருக்கும்.

ஒரு ஜாக்கிரதை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். தனுஷ்கோடியில் ரோட்டின் இரு பக்கமும் கடலைக் கண்டதும் சிலருக்கு உற்சாகம் பொங்கிக் காரை மணலில் இறக்கி அலையோரம் கொண்டுபோகத் தோன்றும். மின்சாரக் காருக்கு இது ஆகவே ஆகாது. சாதாரண மழைத் தண்ணீரைத் தாங்கும்படிதான் செய்திருக்கிறார்கள். ஆனால் உப்புத் தண்ணீர் பாட்டரிப் பெட்டிக்குள் புகுந்தால் உள்ளுக்குள் மெதுவாகக் கேடு செய்து, சில நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கும். 2022-ல் அமெரிக்காவில் ஃப்ளோரிடாப் பக்கம் கடல் வெள்ளத்தில் நனைந்த சில கார்கள் அப்படித்தான் எரிந்தன. ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். மாலையில் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இடிந்த மாதா கோவிலையும் ரயில் நிலையத்தையும் போகும்போதே பார்த்துவிடுங்கள்.

திரும்பும் வழியில் பாம்பனில் இன்னொரு பாலத்தையும் பார்க்கலாம். நூற்றுப் பத்து வருஷத்துக் கிழப் பாலத்துக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, 2025 ஏப்ரல் 6-ம் தேதி புதிய ரயில் பாலத்தைத் திறந்தார்கள். கப்பல் வந்தால் நடுப் பாகம் லிஃப்ட் போல அப்படியே மேலே எழும்பும். பாம்பனுக்கு இன்னொரு வாகனக் கதையும் உண்டு. 1897 ஜனவரியில் விவேகானந்தர் இலங்கை வழியாக வந்து இங்கே கரையேறியபோது, சேதுபதி மன்னர் பாஸ்கரர் குதிரைகளை அவிழ்த்துவிடச் சொல்லித் தாமும் ஜனங்களோடு சேர்ந்து வண்டியை இழுத்தாராம். பெட்ரோலும் இல்லை, கரண்டும் இல்லை, ராஜாவின் தோள்பலம்!

ராமநாதபுரத்திலிருந்து நாகப்பட்டினம் இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தைத் தரிசித்துவிட்டு, தொண்டி, முத்துப்பேட்டை வழியாகப் போகலாம். நடுவில் ஒரு சார்ஜ் அவசியம். எங்கே என்று முதல் நாளே டெலிபோனில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பழுதாக இருந்தால் அடுத்தது எங்கே என்பதையும் சேர்த்து.

நாகப்பட்டினம், காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி கிளம்பியது. நூற்றைம்பது பேர் உட்காரலாம். நாலு மணி நேரப் பயணம். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள். ஆகையால் ஐப்பசி, கார்த்திகையில் உத்தேசிக்காதீர்கள். புறப்படுமுன் கப்பல் ஓடுகிறதா, அனுமதிச்சீட்டு விதிகள் என்ன என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கடல் சற்றுக் குலுக்கும். கையில் நாரத்தங்காய் ஊறுகாய் இருக்கட்டும்.

இந்தக் கப்பல் மனிதரை ஏற்றும்; காரை ஏற்றாது. சொந்தக் காரையே கொண்டுபோக வேண்டுமென்றால், சரக்குக் கப்பலில் பெட்டிக்குள் வைத்துக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். காரைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவோம் என்பதற்கு அத்தாட்சியாகக் 'கார்னெட்' என்ற பத்திரம் வாங்கிப் பணம் கட்ட வேண்டும். பெரிய பாட்டரி உள்ள காரைக் கப்பல்காரர்கள் அபாயச் சரக்கு என்று தனியாகக் கவனிப்பார்கள். ஒரு வாரப் பயணத்துக்கு இவ்வளவு பிரயாசை எதற்கு? நாகப்பட்டினத்தில் தங்கும் இடத்தாரிடம் சொல்லி நிழலில் நிறுத்திவிட்டுப் போவதே மேல். போகும்போது பாட்டரியைப் பாதியளவில் விட்டுப் போங்கள். வழிய வழிய நிரப்பியும் வைக்கக்கூடாது, காலியாகவும் விடக்கூடாது.

இலங்கையில் நம் ஊர்போலவே இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் சர்வதேச லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, அதை இலங்கையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அது தொந்தரவென்றால் டிரைவரோடு கார் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த நாட்டு மின்சாரக் கார்களின் கதை சுவாரசியமானது. 2014, 2015-ம் வருஷ வாக்கில் வரி குறைந்திருந்தபோது, ஜப்பானிலிருந்து 'நிஸ்ஸான் லீஃப்' என்ற கார் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கியது. 2020-ல் கார் இறக்குமதியே நின்றுபோயிற்று. 2022-ல் டாலர் பஞ்சம் வந்து, பெட்ரோலுக்கு ஜனங்கள் இரவு பகலாக வரிசையில் நின்றார்கள். லீஃப் வைத்திருந்தவர்கள் வரிசையில் நிற்கவில்லை. ஆனால் தினம் பல மணி நேரம் கரண்டும் நின்றதால், விளக்கு எரிகிற நேரத்தைப் பார்த்துப் பிளக்கோடு காத்திருந்தார்கள்! 2025-ல் இறக்குமதி மறுபடி திறந்தது. சீனத்துப் புதுக் கார்கள் ஓட ஆரம்பித்தன. வாடகைக்குக் கார் எடுக்கும்போது இதை நினைவில் வையுங்கள். பழைய லீஃப் நம்மைப் போலத்தான். மனசு உண்டு, தெம்பு குறைவு. அதன் பாட்டரிக்குக் குளிர்ச்சி ஏற்பாடு கிடையாது. வெப்ப நாட்டில் பத்து வருஷம் ஓடியபின் ஒரு சார்ஜில் எண்பது, நூறு கிலோமீட்டர் தாண்டினாலே பெரிது. யாழ்ப்பாணத்துக்குள் சுற்ற அது போதும். மன்னாருக்குப் புதுக் காராகக் கேளுங்கள்.

காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் இருபது கிலோமீட்டருக்குள். கீரிமலை ஊற்றும் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலும் நம்மவர்களுக்குப் புதிதாகத் தோன்றாது. ரோட்டில் பழைய மாரிஸ் மைனர், ஆஸ்டின் கார்களைக் கண்டால் சற்று நின்று பாருங்கள். யுத்த காலத்தில் பெட்ரோல் வராமல் தடுக்கப்பட்டபோது, இந்தக் கார்களுக்கு ஒரு சொட்டுப் பெட்ரோல் காட்டிக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கரண்டே இல்லாத வருஷங்களில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வந்த கரண்டில் ரேடியோ கேட்டார்கள். செய்தி முடிகிறவரை பிள்ளைகள் மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். அந்த வீட்டுப் பாட்டிமார்களிடம் போய், "வழியில் சார்ஜ் கிடைக்குமோ" என்று கவலைப்பட நமக்கே வெட்கமாக இருக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். 2011-ல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தைத் தாண்டிப் பூநகரி வழியாகப் போகும் ரோடு. ஆள் நடமாட்டம் குறைவு, கடைகள் குறைவு, பறவைகள் ஏராளம். யாழ்ப்பாணத்திலேயே பாட்டரியை நிரப்பிக்கொண்டு கிளம்ப வேண்டும். மன்னாருக்குச் சற்று முன்னால் திருக்கேதீஸ்வரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். ஆனால் இருவரும் கடல் கடந்து வரவில்லை; ராமேஸ்வரத்தில் நின்று இந்தத் திசையை நோக்கிப் பாடினார்கள் என்பது பரம்பரைச் செய்தி. எதிர்க்கரையைப் பார்த்து ஏங்குவது நம்மோடு தொடங்கியதல்ல போலும்.

மன்னார்த் தீவில் ரோட்டை அடைத்துக்கொண்டு கழுதைகள் நிற்கும். ஹாரன் அடித்தாலும் நகராது. அராபிய வியாபாரிகள் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லும் பெருக்க மரம் ஒன்று, குடம் குடமாகப் பருத்து நிற்கிறது. தெற்குக் கடலோரத்தில் முப்பது பெரிய காற்றாடிகள் சுழலுகின்றன. 2020 முடிவில் இலங்கை மின்சார சபை நிறுத்தியவை. இந்தக் கரையில் வெயில் கரண்டு, அந்தக் கரையில் காற்றுக் கரண்டு!

மன்னாரிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் சுமார். ரயில் பாதை யுத்தத்தில் அழிந்து 2015-ல் மீண்டது. அதற்கு அப்பால் ஒரு கலங்கரை விளக்கம், கப்பல் வராத ஒரு பழைய துறை, துருப்பிடித்த இரும்பு. ராமேஸ்வரம், தலைமன்னார்க் கப்பலைச் சீக்கிரம் மறுபடி விடுவதற்கு ஏற்பாடு செய்வதென்று 2024 டிசம்பரில் இரு தேசத்துத் தலைவர்களும் டில்லியில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதில் காருக்கு இடம் உண்டா என்று நம் மாதிரிக் கிழவர்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

மாலை வெயில் சாய்கிற நேரத்துக்கு அங்கே போய்ச் சேருங்கள். சூரியன் இறங்குகிற பக்கம் இந்தியா.

"ஏங்க, அதோ அங்கேதானே போன வாரம் நின்றோம்?"

"அங்கேதான். அன்றைக்கு நீ இந்தப் பக்கம் கையைக் காட்டினாய்."

சந்தோஷமாக உட்காருங்கள். இருட்டுமுன் கிளம்பிவிடுங்கள், மன்னாருக்குத் திரும்பும் தூரத்துக்குப் பாட்டரியில் மிச்சம் இருக்கிறதா என்று இறங்கும்போதே பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.